உலகக் கண்காட்சிக்குப் போன காலனிப் பொருள்: கேட்டலாக் வரியிலிருந்து அருங்காட்சியக அலமாரிவரை தேடுவது எப்படி

லண்டன் ஹைட் பார்க்கில் 1851 மே 1ஆம் தேதி திறந்த கண்ணாடி மாளிகைக் கண்காட்சி தொடங்கி 1893 சிக்காகோ கண்காட்சி வரை, பிரிட்டனின் காலனிகள் பெட்டி பெட்டியாகப் பொருட்களை அனுப்பிக்கொண்டே இருந்தன. தாதுக்கல், மரத்துண்டு, பருத்தி, எண்ணெய் வித்து, நெய்த துணி, தந்த வேலைப்பாடு, பதனிட்ட தோல் என அந்தப் பெட்டிகளில் இல்லாத சரக்கு குறைவு. அவற்றில் கணிசமானவை இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எந்த ஊரில், யார் கையால் ஆனவை என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் அறுந்துபோயிருக்கிறது.

அந்த இழையை மீண்டும் பிடிக்க நான்கு வகை ஆவணங்கள் வேண்டும்: கண்காட்சிக் கேட்டலாக், நடுவர் குழு அறிக்கை, பொருளை அனுப்பியபோது நடந்த கடிதப் போக்குவரத்து, கடைசியில் பொருள் போய்ச் சேர்ந்த இடத்தின் பதிவேடு. கேட்டலாக்கை மட்டும் வைத்துக்கொண்டு எழுதப்படும் கட்டுரைகளே அதிகம். கேட்டலாக்கில் ஒரு பொருளுக்குப் பல சமயம் ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். அந்த வரியை எழுதியவர் பொருளைச் செய்தவர் இல்லை. அது செய்யப்பட்ட ஊரைப் பார்த்திருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஆகவே கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். இடையில் ஒன்றைத் தாண்டினால் பின்னால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

படி 1: எந்தக் கண்காட்சி என்பதை உறுதிசெய்யுங்கள்

"லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு கிடைத்தால் அது எந்த லண்டன் கண்காட்சி? 1851இல் ஒன்று, 1862இல் சவுத் கென்சிங்டனில் ஒன்று, 1886இல் அதே சவுத் கென்சிங்டனில் காலனிகளுக்கும் இந்தியாவுக்கும் என்றே தனியாக நடந்த ஒன்று. மூன்றும் மே முதல் வாரத்தில் திறந்தவை என்பதால் தேதியை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. பாரிஸிலும் 1855, 1867, 1878, 1889 என்று அடுத்தடுத்து நடந்தன. இவை தவிர 1873 வியன்னா, 1876 ஃபிலடெல்ஃபியா, 1888 கிளாஸ்கோ உண்டு. காலனிகளே நடத்தியவை 1879–80 சிட்னி, 1880–81 மெல்பர்ன், 1883–84 கல்கத்தா.

இந்தியப் பிரிவில் தேடுகிறவர்களுக்கு ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. 1851இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இந்தியப் பொருட்களை ஒழுங்குசெய்தவர் ஜான் ஃபோர்ப்ஸ் ராய்ல். 1862இல் அதே வேலையைச் செய்து பட்டியல் தொகுத்தவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். "டாக்டர் ஃபோர்ப்ஸ்" என்று மேற்கோள் காட்டும் பிற்காலக் கட்டுரைகளில் இந்த இருவரும் ஒருவராகிவிடுவதுண்டு. ராய்ல் 1858இலேயே இறந்துவிட்டார். 1862 பற்றிய குறிப்பில் அவர் பெயர் வந்தால் ஆண்டு தவறு அல்லது ஆள் தவறு.

பெரிய கண்காட்சிக்கு முன்னால் உள்ளூரில் ஒத்திகைக் கண்காட்சி நடத்துவதும் வழக்கம். 1862 லண்டனுக்கு அனுப்புவதற்காகவே 1861இல் மெல்பர்னில் ஒரு கண்காட்சி நடந்தது. சென்னையில் 1855இலும் 1857இலும் தென்னிந்தியப் பொருட்களுக்கான கண்காட்சிகள் நடந்தன. உள்ளூர்ப் பட்டியல்களை முதலில் பாருங்கள். உள்ளூர் வாசகருக்காக அச்சிட்டவை ஆகையால் தெருப்பெயர், விலை, செய்தவர் பெயர் எல்லாம் அவற்றில் கிடைக்க வாய்ப்பு அதிகம். லண்டன் கேட்டலாக்கில் அவை சுருங்கிவிடும்.

படி 2: அந்த ஆண்டில் காலனியின் பெயரும் எல்லையும் என்ன?

இன்றைய வரைபடத்தை மனதில் வைத்துத் தேடினால் பொருள் அகப்படாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா தனிக் காலனியானது 1851 ஜூலை 1ஆம் தேதி. கண்காட்சி அதற்கு இரண்டு மாதம் முன்பே திறந்துவிட்டது. ஆகவே 1851இல் மெல்பர்ன் பகுதிச் சரக்கை நியூ சவுத் வேல்ஸில்தான் தேடவேண்டும். டாஸ்மேனியா 1856 வரை வான் டீமன்ஸ் லேண்ட். 1867க்கு முன் "கனடா" என்றால் இன்றைய ஒன்டாரியோவும் கியூபெக்கும் மட்டுமே. நோவா ஸ்கோஷியாவும் நியூ பிரன்ஸ்விக்கும் தனித் தலைப்பில் வரும்.

தமிழர்களுக்கு நேரடியாக உதவுவது இது: சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய நிர்வாகத்தின்கீழ் இருந்தன. அதனால் 1851, 1862 கண்காட்சிகளில் அங்கிருந்து வந்தவற்றை இந்தியப் பிரிவில் பார்க்கவேண்டும். இலங்கை அப்படி இல்லை. அது தனி அரச காலனி. எந்தக் கண்காட்சியிலும் அதற்குத் தனித் தலைப்பு.

ஊர்ப்பெயர்களையும் அன்றைய எழுத்துப்படி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூருக்கு டாஞ்சோர், திருச்சிக்கு டிரிச்சினாபொலி, திருநெல்வேலிக்கு டின்னவெல்லி, நாகப்பட்டினத்துக்கு நெகபட்டம், விசாகப்பட்டினத்துக்கு விசகபட்டம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஸ்பெல்லிங் உண்டு; எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

படி 3: வகுப்பு எண்ணைப் பிடித்துக் கேட்டலாக்குக்குள் போங்கள்

1851இல் பொருட்கள் மூலப்பொருள், இயந்திரம், உற்பத்திப் பொருள், நுண்கலை என்ற நான்கு பிரிவுகளில் 30 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. காலனிகளுக்கு அடிக்கடி தேவைப்படுபவை: 1 சுரங்கப் பொருள், 3 உணவுப் பொருள், 4 தாவர, விலங்கு மூலப்பொருள், 11 பருத்தி, 13 பட்டு, 16 தோல், 23 பொன் வெள்ளி வேலை, 26 மேசை நாற்காலி வகை, 28 தந்தம், கொம்பு, நார் முதலியவற்றில் செய்தவை. 1862இல் 36 தொழில் வகுப்புகளும் நுண்கலைக்குத் தனியாகச் சிலவும். 1867 பாரிஸில் 10 தொகுதி, 95 வகுப்பு. ஒரு கண்காட்சியின் வகுப்பு எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்தக்கூடாது.

1851இன் படங்களோடு கூடிய பெரிய கேட்டலாக் மூன்று தொகுதிகள். காலனிகள் இரண்டாம் தொகுதியின் கடைசியிலும், வெளிநாடுகள் மூன்றாம் தொகுதியிலும் இருக்கின்றன. கண்காட்சி திறந்த நாளில் விற்ற சிறிய கேட்டலாக்கில் விடுபட்டவை ஏராளம். பல காலனிகளின் பெட்டிகள் தாமதமாக வந்ததே காரணம். சிறியதில் இல்லை என்பதால் பொருள் போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இணையத்தில் இருக்கும் ஸ்கேன் பிரதிகளில் தேடுபெட்டியை முழுக்க நம்பவேண்டாம். பக்கம் இரண்டு பத்திகளாக, மிகச் சிறிய எழுத்தில் அச்சானது. படத்திலுள்ள அச்செழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர் மென்பொருள் இடதுபத்தி வரியையும் வலதுபத்தி வரியையும் ஒன்றாக்கிவிடும். தமிழ்ப் பெயர்கள் ஏற்கெனவே சிதைந்து அச்சானவை. அவை இன்னொரு முறை சிதையும். பெயரைத் தேடுவதைவிட, காலனியின் தலைப்பைக் கண்டுபிடித்து அங்கிருந்து பக்கம் பக்கமாகக் கண்ணால் படிப்பது வேகமானது.

கண்ணால் படிக்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது "மேற்படி" என்ற பொருளில் வரும் டிட்டோ. ஊர்ப்பெயர் பத்து வரிக்கு மேலே ஒரே ஒரு முறை வந்திருக்கும். நடுவில் ஒரு வரியைத் தவறவிட்டால் மைசூர்ச் சரக்கு சேலத்துச் சரக்காகிவிடும். இரண்டாவது, வரிசை எண் ஒவ்வொரு வகுப்புக்கோ காலனிக்கோ 1இலிருந்து மீண்டும் தொடங்கும். "எண் 14" என்று மட்டும் குறித்துவைத்தால் பிறகு எதற்கும் உதவாது. கண்காட்சி, காலனி, வகுப்பு, எண், பக்கம் ஐந்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

மூன்றாவது எடை அளவு. சென்னை மணங்கு 25 பவுண்டு. 20 மணங்கு ஒரு கண்டி, அதாவது 500 பவுண்டு. பம்பாய் மணங்கு 28 பவுண்டு, கண்டி 560 பவுண்டு. வங்காளத்துப் பஜார் மணங்கோ 82 பவுண்டுக்கு மேல். கேட்டலாக்கில் மூன்றுக்கும் ஒரே சொல்தான். பருத்தி விலையை மாகாணத்துக்கு மாகாணம் ஒப்பிடும் அட்டவணைகளில் ஒன்று மற்றொன்றைவிட மூன்று மடங்கு மலிவாகத் தெரிந்தால், சந்தை நிலவரத்தை ஆராய்வதற்கு முன் மணங்கைச் சரிபாருங்கள்.

படி 4: "காட்சிக்கு வைத்தவர்" யார்?

மொத்தத் தேடலிலும் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இது. கேட்டலாக்கில் பொருளுக்கு எதிரே இருக்கும் பெயரைச் செய்தவரின் பெயராக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். அந்த இடத்தில் கம்பெனி இருக்கும், மாகாண அரசு இருக்கும், கலெக்டர் இருப்பார், வணிக நிறுவனம் இருக்கும், மகாராஜா இருப்பார். நெசவாளியும் தட்டாரும் தச்சரும் வருவது அபூர்வம். திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா அரசிக்குப் பரிசாக அனுப்பி 1851இல் காட்சிக்கு வைக்கப்பட்ட தந்த சிம்மாசனம் நல்ல எடுத்துக்காட்டு. அது இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. மகாராஜாவின் பெயரோடுதான் உலகம் அதை அறியும். தந்தத்தைச் செதுக்கிய கைகள் பெயருக்கு வெளியே நிற்கின்றன.

ஆகவே பெயரைப் பார்த்ததும் அதை ஒரு வகையில் போடுங்கள். அரசு அல்லது அதிகாரி என்றால் அடுத்து போகவேண்டியது கடிதங்களுக்கு (படி 6). வணிகர் என்றால் அந்த ஊர் வணிக டைரக்டரி. தோட்டம் என்றால் தோட்டப் பெயரை வைத்துத் தேடலாம். இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களின் பெயரும் துரைமார் பெயரும் ஃபெர்குசன் டைரக்டரியில் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். 1893 சிக்காகோவில் இலங்கை தனி அரங்கு கட்டித் தேயிலையைப் பெரிய அளவில் விளம்பரப்படுத்தியது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து மலையகத்துக்குப் போன தொழிலாளர்கள். கண்காட்சி ஆவணத்தில் அவர்களைத் தேடுவது வீண். தோட்டப் பெயரைப் பிடித்துக்கொண்டு குடியேற்ற, தோட்டப் பதிவுகளுக்குப் போனால்தான் அவர்கள் பக்கம் நெருங்கமுடியும்.

சிறை என்றால் மிகுந்த எச்சரிக்கை தேவை. 1886 கண்காட்சியின் இந்திய அரங்கு முற்றத்தில் கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்து காட்டினார்கள். பரம்பரைத் தொழிலாளர்கள் என்றே பார்வையாளர்களிடம் அறிமுகப்படுத்தினார்கள். அவர்களை அழைத்து வந்தவர் ஆக்ரா மத்திய சிறையின் கண்காணிப்பாளர் ஜான் டைலர். கைதிகளாக இருந்தபோது தொழில் பழகியவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். விக்டோரியா அரசி அவர்களில் சிலரை ருடால்ஃப் ஸ்வபோடா என்ற ஓவியரைக் கொண்டு வரையச் சொன்னார். அந்த ஓவியங்கள் ஆஸ்போர்ன் மாளிகையில் இருக்கின்றன. 102 வயது எனக் குறிக்கப்பட்ட குயவர் பக்ஷிராம் அவற்றில் ஒருவர். கேட்டலாக் தராத பெயரும் வயதும் தொழிலும் ஓவியத்தின் வழியாகக் கிடைப்பது இப்படித்தான்.

பெயர் கிடைக்கும் நேரங்களும் உண்டு என்பதால் மனம் தளரவேண்டாம். அதே 1886இல் தர்பார் மண்டபத்தின் மரச்செதுக்கு வேலையைச் செய்தவர்கள் பஞ்சாபின் பேரா ஊரைச் சேர்ந்த முகமது பக்ஷ், ஜுமா பக்ஷ் என்று பதிவாகியிருக்கிறது. அந்த மண்டபத்தைப் பிரபு பிராஸி விலைக்கு வாங்கினார். இப்போது இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம்.

படி 5: பரிசு கிடைத்ததா?

குடும்பத்திலோ சங்கத்திலோ இருக்கும் பதக்கத்தை வைத்து "1851இல் பரிசு வென்றது" என்று சொல்வது அடிக்கடி நடக்கும். 1851இல் காட்சிக்கு வைத்த எல்லாருக்குமே ஒரு பதக்கம் தந்தார்கள். அது சுமார் 45 மி.மீ. குறுக்களவு கொண்டது. பரிசுப் பதக்கம் சுமார் 77 மி.மீ.; அதற்கும் மேலான கவுன்சில் பதக்கம் சுமார் 89 மி.மீ. முதலில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பிறகு பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும்: எந்த வகைப் பதக்கம், எந்த வகுப்பு, பரிசு என்றால் பெற்றவர் பெயர். சட்டம் போட்டு மாட்டியவற்றில் விளிம்பு மறைந்திருக்கும். கழற்றாமல் முடிவு சொல்லக்கூடாது. மெருகு போடவும் வேண்டாம். பொறித்த எழுத்து தேய்ந்துவிடும்.

விதிகள் கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். 1862இல் ஒரே வகைப் பதக்கமும் கௌரவக் குறிப்பும். 1867 பாரிஸில் கிராண்ட் பிரி என்ற உயர்ந்த பரிசு, தங்கம், வெள்ளி, வெண்கலம். 1876 ஃபிலடெல்ஃபியாவில் பரிசு பெற்ற எல்லாருக்கும் ஒரே வெண்கலப் பதக்கம். தரவேறுபாடு எழுத்து அறிக்கையில் மட்டும். 1886இன் பதக்கம் நினைவுப் பதக்கம். அதை வைத்து முதல் பரிசு என்று எழுதுவது தவறு.

நடுவர் அறிக்கையைப் பரிசுக்காக மட்டும் புரட்டாதீர்கள். நாரின் உறுதி, சாயம் வெளுக்குமா, லண்டனில் என்ன விலை போகும் என்று பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதியது அதில்தான் இருக்கும். காலனிகளைக் கண்காட்சிக்கு அழைத்ததன் நோக்கமே பிரிட்டிஷ் ஆலைகளுக்கு மூலப்பொருள் தேடுவது என்பது அந்த வரிகளைப் படிக்கும்போது கண்கூடாகத் தெரியும்.

படி 6: அனுப்பியவர்களின் கடிதங்கள்

தேடவேண்டிய காலத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள். 1851 கண்காட்சிக்கான அரச ஆணையம் அமைந்தது 1850 ஜனவரியில். சூயஸ் கால்வாய் திறந்தது 1869 நவம்பரில்; அதற்கு முன் கனமான சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகவேண்டும், மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இந்தியாவில் திரட்டல் நடந்தது 1850இல். 1851 கோப்புகளில் மட்டும் தேடினால் கணக்குத் தீர்ப்பும் நன்றிக் கடிதமும்தான் கிடைக்கும்.

சென்னை மாகாணத்துக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பப்ளிக் துறை, ரெவின்யூ வாரியத் தொகுதிகளில் தொடங்குங்கள். மாவட்ட கலெக்டர்களின் கடிதங்கள் பெரும்பாலும் வாரியம் வழியாகப் போகும். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். மற்றக் காலனிகளுக்கு லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் சி.ஓ. (காலனி அலுவலகம்) வரிசை: இலங்கை சி.ஓ. 54, நியூ சவுத் வேல்ஸ் 201, விக்டோரியா 309, கேப் 48, ஜமைக்கா 137, நீரிணைக் குடியேற்றங்கள் 273. 1851 அரச ஆணையத்தின் சொந்த ஆவணங்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உள்ளன. பழைய ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களுக்கு டிரோவ், நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட் என்ற இணையதளங்கள், இரண்டும் இலவசம்.

கடிதத்தோடு இணைத்த பெட்டிப் பட்டியலைத் தேடுங்கள். தகரமோ துத்தநாகமோ உள்ளே அடித்து ஈயம் பற்றவைத்த பெட்டிகளில் அனுப்புவது வழக்கம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண், உள்ளே இருப்பவற்றின் விலை, எங்கே வாங்கியது என்று எழுதியிருப்பார்கள். வழியில் ஈரம் புகுந்து சீட்டுகள் கழன்றிருந்தால், லண்டனில் பிரித்தவர் ஊகித்துத் தலைப்பிட்டிருப்பார். பெட்டிப் பட்டியலும் கேட்டலாக்கும் முரண்பட்டால் பெட்டிப் பட்டியலையே நம்புங்கள்.

படி 7: படங்களை எடுத்துக்கொள்ளும் முன்

1851 இந்திய அரங்கைக் காட்டும் படங்களில் அம்பாரி சுமந்த யானை ஒன்று இருக்கும். அம்பாரியை அனுப்பியவர் முர்ஷிதாபாத் நவாப் நாஜிம். அதைக் காட்டப் பாடம்பண்ணிய யானை ஒன்று தேவைப்பட்டது. இங்கிலாந்தில் சாஃப்ரன் வால்டன் ஊர் அருங்காட்சியகத்தில் ஒன்று இருந்தது, கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது ஆப்பிரிக்க யானை. அரங்கில் தெரிவதெல்லாம் காலனியிலிருந்து வந்தது என்று கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 1862இல் விக்டோரியா காலனி வைத்த 44 அடிக்கு மேலான பொற்கூம்பும் பொன் அல்ல. 1851 முதல் அந்தக் காலனி எடுத்த தங்கத்தின் மொத்தக் கன அளவைக் காட்டப் பொன்பூச்சுப் பூசிக் கட்டிய மாதிரி.

படி 8: கண்காட்சி முடிந்த பிறகு

பொருளுக்கு நான்கு வழி இருந்தது: திரும்பி வருதல், விற்பனை, அன்பளிப்பு, அருங்காட்சியகம். 1851 முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு 5,000 பவுண்டு ஒதுக்கி வாங்கிய பொருட்கள் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தொடக்கச் சேகரிப்பில் சேர்ந்தன. அங்கே பதிவெண்ணின் கடைசியில் 1852 என்று இருந்தால் இந்தக் கொள்முதலா என்று சரிபாருங்கள். கம்பெனியின் இந்தியா மியூசியத்துக்குப் போனவை 1879இல் அது கலைக்கப்பட்டபோது பிரிந்தன. கலைப்பொருட்கள் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்கு, அதாவது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட்டுக்குப் போயின. பதிவெண்ணின் முன்னால் சுழியும் பின்னால் ஐ.எஸ். என்ற அடையாளமும் இருக்கும். அமராவதிச் சிற்பங்கள் உள்ளிட்டவை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. நார், பிசின், விதை, மர மாதிரிகள் கியூ தாவரத் தோட்டத்தின் பொருளாதாரத் தாவரவியல் சேகரிப்பில் சேர்ந்தன. 1886க்குப் பிந்தையவற்றுக்கு 1893இல் திறந்த இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் பதிவுகளையும் பார்க்கவேண்டும்.

சில தடங்கள் உண்மையிலேயே முடிந்துபோகும். சிட்னிக் கண்காட்சி நடந்த கார்டன் பேலஸ் 1882 செப்டம்பர் 22ஆம் தேதி எரிந்தது. அங்கே சேர்த்துவைத்திருந்த அருங்காட்சியகப் பொருட்களும் சாம்பலாயின. உங்கள் பொருள் அந்தக் கட்டடத்தில் தங்கிவிட்டது என்று உறுதியானால் மேற்கொண்டு அலையவேண்டாம்.

மற்றபடி, அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "எங்கள் ஊர்ப் பொருள் உங்களிடம் இருக்கிறதா" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கண்காட்சி, காலனி, வகுப்பு, எண், பக்கம், அன்றைய ஊர்ப்பெயர்கள் எல்லா ஸ்பெல்லிங்கிலும், காட்சிக்கு வைத்தவர் பெயர், பெட்டிப் பட்டியல் கிடைத்திருந்தால் அதன் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பதிவேட்டின் அச்சுச் சுருக்கம் போதாது. கையெழுத்துப் பதிவேட்டில் அந்தப் பொருளுக்கு எதிரே உள்ள முழு வரியின் படத்தையும், பொருளில் ஒட்டியிருக்கும் பழைய சீட்டின் இரு பக்கப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். சீட்டின் பின்பக்கத்தில் சில சமயம் பென்சிலில் பெட்டி எண் எழுதியிருக்கும்.